பீரோ மேலிருந்த லேப்டாப்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு கையில் டீ டம்ளரும் இன்னொரு கையில் பழைய புடவைத் துணியில் சுற்றிய பொட்டலமுமாக வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார். டீ எனக்கு. பொட்டலமும் எனக்குத்தான் என்பது பிரித்த பிறகு தெரிந்தது. உள்ளே அரசு லேப்டாப். மூத்த மகள் ப்ளஸ் டூ படித்தபோது, 2012-ல் கொடுத்தது. மகள் கல்லூரி முடித்து, கல்யாணமாகி, குழந்தையும் பெற்றாயிற்று. லேப்டாப் மட்டும் பீரோ மேலேயே கிடந்திருக்கிறது.

"தம்பி, பேத்தி ரெண்டாவது படிக்குது. எந்நேரமும் போனுதான். புடுங்குனா ஊரே கூடுற மாதிரி அழுவுது. இதுல ஏதாவது வெளையாட்டு போட்டுக் குடேன். வெளையாண்ட மாதிரியும் இருக்கணும், படிச்ச மாதிரியும் இருக்கணும்."

எனக்குப் பிழைப்பு கம்ப்யூட்டர் சர்வீஸ். விழுப்புரம் பக்கம் சின்னக் கடை. இதே கேள்வியோடு மாதத்துக்கு நாலு பேராவது வருவார்கள். பதில் ஒரு டீயில் முடியாது. அக்காவுக்குச் சொல்லி முடிக்க நாலு சாயங்காலம், நாலு டீ ஆயிற்று. அதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

முதல் நாள் பேச்சு லேப்டாப்பைப் பற்றியே போயிற்று. 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியபோது வந்த லேப்டாப்புகளில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் இருந்தன. ஒன்று விண்டோஸ், இன்னொன்று பாஸ் லினக்ஸ். பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். பெரும்பாலான வீடுகளில் பழகிய விண்டோஸைத் தொட்டதோடு சரி. இன்னொரு கதவை யாரும் தட்டவில்லை. அந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்டது. லினக்ஸ் அப்படி இல்லை. பழைய மெஷினுக்கும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், காசும் கிடையாது.

"அது என்ன தம்பி, ஓசில குடுக்குறான்? ஓசின்னா உள்ள ஏதாவது இருக்குமே" என்றார் அக்கா. நியாயமான சந்தேகம். போனில் ஓசி விளையாட்டு இறக்கி அனுபவப்பட்டவர்.

அக்கா மார்கழியில் தெருவையே அடைத்துக் கோலம் போடுகிறவர். அதை வைத்தே சொன்னேன். "எதிர்வீட்டு வாசல்ல ஒரு கோலம் பாக்குறீங்க. எத்தன புள்ளி, எத்தன வரிசைன்னு கேட்டு நோட்டுல எழுதிக்கிறீங்க. மறுநா நம்ம வாசல்ல போடுறீங்க. ஓரத்துல ரெண்டு மயிலச் சேக்குறீங்க. அத இன்னொருத்தர் பாத்துட்டுப் போறாங்க. யாராவது காசு கேக்குறாங்களா? இப்ப ஸ்டிக்கர் கோலம் விக்கிறான் பாருங்க, அத ஒட்டத்தான் முடியும். ஒரு இழைய மாத்தணும்னாலும் முடியாது."

திறந்த மூல மென்பொருள் என்பது புள்ளிக் கணக்கோடு கொடுக்கப்படும் கோலம். எழுதியவர் தன் நிரலை அப்படியே வெளியில் வைத்துவிடுகிறார். யாரும் பார்க்கலாம், நகலெடுக்கலாம், மாற்றலாம், மாற்றியதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உள்ளே ஒளித்து வைக்க இடமில்லை. ஒளித்து வைத்தாலும் யாராவது ஒருவர் புள்ளியை எண்ணிக் கண்டுபிடித்துவிடுவார். அக்காவுக்கு இது உடனே பிடிபட்டது. ஸ்டிக்கர் கோலத்தின் மேல் அவருக்கு ஏற்கெனவே கோபம் உண்டு.

லேப்டாப்பில் 2 ஜிபி ரேம். பேட்டரி போயே போய்விட்டது. சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். திரை, கீபோர்டு இரண்டும் நன்றாக இருந்தன. கடையில் கிடந்த பழைய ரேம் ஒன்றைப் போட்டு 4 ஜிபி ஆக்கினேன். லினக்ஸிலும் பல ரகம் உண்டு. இந்த மாதிரிப் பழைய மெஷினுக்கு லுபுண்டு, அல்லது லினக்ஸ் மின்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த வகை சரிப்படும். எடுத்த எடுப்பிலேயே ஹார்ட் டிஸ்கில் கை வைக்க வேண்டியதில்லை. பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, திரை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு போடலாம். போடுவதற்கு முன்னால் பழைய ஃபைல்களை வேறெங்காவது எடுத்து வைக்க வேண்டும். அதை மறந்தால் போச்சு. மகளின் கல்லூரிப் படங்கள் அதில் இருந்தன. அக்கா அரைமணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறிவிட்டது.

இரண்டாம் நாள் விஷயத்துக்கு வந்தோம். விளையாட்டை எங்கே தேடுவது?

விண்டோஸில் பழகியவர்கள் செய்கிற முதல் தப்பு, கூகுளில் தேடி, கண்ட இடத்தில் 'டவுன்லோடு' என்ற பச்சைப் பொத்தானை அமுக்குவது. லினக்ஸில் அது தேவையே இல்லை. ஒவ்வொரு லினக்ஸுக்கும் ஒரு களஞ்சியம் உண்டு. ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அந்த லினக்ஸை நடத்துகிறவர்களே கட்டிப் பொதியாக்கி, முத்திரையிட்டு அதில் வைத்திருப்பார்கள். மெனுவில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' என்றோ 'சாஃப்ட்வேர்' என்றோ இருக்கும். அதைத் திறந்தால் அந்தக் களஞ்சியத்தின் வாசல். வேண்டியதைத் தேடி, 'இன்ஸ்டால்' அமுக்கினால் இறங்கித் தானே உட்கார்ந்துகொள்ளும்.

ஆனால் அங்கேயும் ஒரு சிக்கல். 'கல்வி' என்ற பிரிவைத் திறந்தால் பாலர் பள்ளியும் கல்லூரியும் ஒரே வரிசையில் நிற்கும். தனிமங்களின் அட்டவணை காட்டும் 'கால்சியம்' என்ற மென்பொருளும் அதில்தான், சின்னப் பிள்ளைகள் ஓவியம் வரைகிறதும் அதில்தான். சில நல்ல குழந்தை விளையாட்டுகள் 'விளையாட்டு' பிரிவில் துப்பாக்கி விளையாட்டுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். விளம்பரம் செய்ய ஆளில்லாத சரக்கு இது. ஆகவே பிரிவைப் பார்த்துப் போவதை விடப் பெயரைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வயதுவாரியாகக் கட்டி வைத்த மூட்டைகளும் உண்டு. டெபியன் என்ற லினக்ஸில் சின்னக் குழந்தைகளுக்காகவே 2000-ல் 'டெபியன் ஜூனியர்' என்ற முயற்சி தொடங்கியது. 2001-ல் நார்வேயில் பள்ளிகளுக்கென்று தொடங்கிய 'ஸ்கோலேலினக்ஸ்' பிறகு 'டெபியன் எடு'வோடு சேர்ந்தது. மழலையர் பள்ளி, தொடக்கப் பள்ளி, நடுநிலை, மேல்நிலை என்று பிரித்து அவர்கள் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்றைத் தேர்ந்தால் அந்த வயதுக்கானவை மொத்தமாக இறங்கும். உபுண்டுவில் 'எடுபுண்டு' என்று 2005-ல் வந்தது; நடுவில் சில வருடம் நின்றுபோய் 2023-ல் திரும்பி வந்திருக்கிறது.

இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் ஆர்வக்கோளாறில் அப்படியொரு மூட்டையை அவிழ்த்தேன். ஒரே நேரத்தில் முப்பதுக்கு மேல் விளையாட்டு. அக்காவின் பேத்தி பாப்பா வந்து உட்கார்ந்தது. ஒவ்வொன்றையும் ஒரு கணம் திறந்தது, மூடியது. பத்து நிமிடத்தில் முப்பதையும் 'பார்த்து' முடித்துவிட்டு, "ஆயா, போன் குடு" என்றது. கல்யாண வீட்டு இலையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்துவிட்டுப் பிள்ளை சாப்பிடவில்லையே என்றால் எப்படி? மறுநாள் எல்லாவற்றையும் மெனுவிலிருந்து மறைத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்தேன்.

அந்த ஒன்றின் பெயர் ஜிகாம்ப்ரி. களஞ்சியத்தில் தேடும்போது ஜி, சி, ஓ, எம், பி, ஆர், ஐ, எஸ் என்று எட்டு ஆங்கில எழுத்தாகத் தட்ட வேண்டும். கடைசி எழுத்து வாயில் வராது. பிரெஞ்சில் 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று சொன்னால் இதே ஓசைதான் கேட்கும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்த யாரையாவது கேட்டால் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார்கள். பிரான்சைச் சேர்ந்த புரூனோ கூதுவான் என்ற மென்பொருள் பொறியாளர் 2000-ல் தொடங்கியது. பிறகு பலர் சேர்ந்து புதிதாகவே திருப்பி எழுதினார்கள். இரண்டு வயது முதல் பத்து வயது வரைக்கும் என்று கணக்கு. 150-க்கும் மேற்பட்ட சின்னச் சின்ன விளையாட்டுகள் ஒரே பெட்டிக்குள். விண்டோஸிலும் ஆண்ட்ராய்டு போனிலும்கூட ஓடும்.

"அப்ப இதுலயும் நூத்தி அம்பது இருக்கே தம்பி?" என்று அக்கா மடக்கினார். சரியான கேள்வி. அதற்கு உள்ளேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு விளையாட்டின் மேலும் நட்சத்திரம் போட்டிருக்கும், ஒன்றிலிருந்து ஆறு வரை. எந்த நட்சத்திரம் முதல் எந்த நட்சத்திரம் வரை காட்டலாம் என்று அமைப்பில் குறுக்கிவிடலாம். பாப்பாவுக்கு முதலில் ஒன்று, இரண்டு மட்டும் வைத்தேன்.

இதில் மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு மவுஸ் பழக்குகிற விளையாட்டுகள் உண்டு. திரை முழுக்கக் கட்டங்கள். மவுஸை மேலே ஓட்டினால் கட்டங்கள் அழிந்து அடியில் ஒரு விலங்கு தெரியும். கிளிக் கூட வேண்டாம், நகர்த்தினால் போதும். அடுத்ததில் கிளிக் செய்ய வேண்டும். அதற்கடுத்ததில் டபுள் கிளிக். போனைத் தேய்த்தே வளர்ந்த பிள்ளைக்கு மவுஸ் புதுசு. பாப்பா முதல் நாள் லேப்டாப் திரையை விரலால் தேய்த்துவிட்டு "ஒடஞ்சிருக்கு" என்றது. இந்த விளையாட்டுகள் இரண்டு நாளில் அதைச் சரிசெய்துவிட்டன.

என் மனசுக்குப் பிடித்தது தண்ணீர் விளையாட்டு. டக்ஸ் என்ற பெங்குயின்தான் லினக்ஸின் அடையாளப் படம். 1996-ல் லாரி யூவிங் வரைந்தது. அந்தப் பெங்குயின் மீன் பிடித்துவிட்டுப் படகில் வீடு திரும்புகிறது. குளிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று வாத்தியார் மாதிரி யாரும் வந்து பாடம் நடத்துவதில்லை. பிள்ளை தானே தட்டிப் பார்க்க வேண்டும். சூரியனைத் தட்டினால் மேலே ஏறும்; கடல் நீர் ஆவியாகும்; மேகம் திரளும். மேகத்தைத் தட்டினால் மழை, ஆறு நிறையும். பிறகு நீரேற்று நிலையத்தைத் தட்டினால் தண்ணீர் தொட்டிக்குப் போகும். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் ஓட்ட வேண்டும். எல்லாம் ஓடினால்தான் பெங்குயின் குளிக்க முடியும்.

பாப்பா முதலில் நேராக ஷவரைத் தட்டியது. வரவில்லை. திரும்பத் திரும்பத் தட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லிக் கொடுக்க நாக்கு துடிக்கும். டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் பெரியவர்கள் வேலை. கொஞ்ச நேரத்தில் சூரியனைத் தட்டியது. மேகம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது. கடைசியில் பெங்குயின் குளித்தபோது அது கைதட்டவில்லை. "எங்க வூட்டுத் தண்ணி எந்தத் தொட்டிலேர்ந்து ஆயா வருது?" என்று கேட்டது.

ஒரு விளையாட்டு 'படிக்கிற மாதிரி' இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. போனில் 'எஜுகேஷனல்' என்று பெயர் போட்டுக்கொண்டு, பிள்ளை எதைத் தொட்டாலும் நட்சத்திரம் தூவிக் கைதட்டுகிற விளையாட்டுகள் நிறைய. அதில் வேலை செய்வது மெஷின். பிள்ளை வெறுமனே தொடுகிறது. பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளை யோசித்து நிறுத்துகிற இடம் ஒன்றாவது வருகிறதா? வந்தால் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் கணக்குக்கு வந்தோம். டக்ஸ் மேத் என்று ஒன்று. வானத்திலிருந்து வால்நட்சத்திரங்கள் விழுகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு கணக்கு: 3+4, 9-5 இப்படி. கீழே பனிவீடுகளில் பெங்குயின்கள். விடையைத் தட்டி என்டர் அமுக்கினால் வால்நட்சத்திரம் வெடித்துவிடும். தவறவிட்டால் வீடு உருகும். கடைசியில் பெங்குயின் வீட்டை விட்டு நடையைக் கட்டும். இதை எழுதத் தொடங்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த பில் கென்ட்ரிக். பழைய வீடியோ கேம் கடைகளில் ஏவுகணைகளைச் சுட்டு ஊரைக் காக்கிற விளையாட்டு ஒன்று இருந்ததே, அதே யோசனைதான். குண்டுக்குப் பதில் கூட்டலும் கழித்தலும்.

பிள்ளைக்குத் தகுந்த மாதிரி பார்த்துப் போட வேண்டிய விளையாட்டு இது. பாப்பாவுக்குக் கணக்கு தெரியும். கீபோர்டில் 7 எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குள் நட்சத்திரம் விழுந்துவிடும். பெங்குயின் கிளம்பிப் போனதும் கண் கலங்கிவிட்டது. அதற்குள்ளேயே பயிற்சிப் பாடங்கள் இருக்கின்றன. எண்களை வெறுமனே தட்டிப் பழகுவதில் தொடங்கி மெல்லப் பெருக்கல், வகுத்தல் என்று போகும். முதலில் அதைத்தான் கொடுக்க வேண்டும். அதோடு டக்ஸ் டைப்பிங்கும் சேர்ந்தால் விரல் பழகும். அதில் எழுத்து சுமந்த மீன்கள் விழும், சரியாகத் தட்டினால் பெங்குயின் தின்றுவிடும்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, மூன்றாவது நாலாவது படிக்கிறவர்களுக்கு, கே-டர்ட்டில். 1967-ல் சீமூர் பேப்பர்ட், வாலி ஃபர்சைக், சிந்தியா சாலமன் முதலானவர்கள் அமெரிக்காவில் குழந்தைகளுக்காக லோகோ என்ற நிரல் மொழியை உருவாக்கினார்கள். கட்டளை கேட்டு நடக்கும் ஆமை கொஞ்சம் பிறகு அந்த மொழியோடு சேர்ந்தது. அதன் வழித்தோன்றல் இது. ஆமைக்கு 'நூறு அடி முன்னே போ, வலப்பக்கம் 90 பாகை திரும்பு' என்று சொல்ல வேண்டும். அதையே நாலு தடவை செய் என்றால் சதுரம் வரும். ஆறு தடவை, 60 பாகை என்றால் அறுகோணம். ஐந்து தடவை, 144 பாகை என்றால் நட்சத்திரம். முழு வட்டம் சுற்றி வந்தால் 360 என்பதைப் பிள்ளையே ஒரு நாள் கண்டுபிடிக்கும். சொல்லிக் கொடுத்த 360 மறந்துபோகலாம். இது மறக்காது.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது இழைக் கோலம் மாதிரில்ல இருக்கு" என்றார். மாதிரி இல்லை, அதேதான். சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, 1974-லேயே கோலத்தைக் கணினி இலக்கண விதிகளாக எழுதி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். புள்ளியைச் சுற்றிப் போகிற ஒரே இழையை 'முன்னே போ, திரும்பு' என்கிற விதிகளாகப் பிரித்துவிடலாம். வாசலில் அக்கா கை தூக்காமல் போடுகிற இழையை ஆமையும் போடும். அக்காவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அதுக்குப் புள்ளி எண்ணத் தெரியுமா?" என்றார். நாம் எண்ணிக் கொடுத்தால் தெரியும்.

இதையெல்லாம் ஏதோ சர்வீஸ் கடைக்காரன் திண்ணையில் செய்கிற விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். கேரளத்தில் 2001-ல் தொடங்கிய 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் கொஞ்ச வருடங்களில் லினக்ஸுக்கு மாறியது. 2017-ல் அது 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸ் வைத்திருக்கிறார்கள். ஒன்று முதல் நாலாம் வகுப்பு வரைக்கான கணினிப் பாடநூலுக்கு 'களிப்பெட்டி' என்று பெயர் வைத்தார்கள். மலையாளத்தில் விளையாட்டுப் பெட்டி. அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கணினியை விளையாட்டில்தான் தொடங்குகிறது. நமக்கும் லேப்டாப் வந்தது, லினக்ஸும் வந்தது. பெட்டியைத் திறந்து காட்டுவதற்கு ஆள்தான் போதவில்லை.

நாலாம் நாள் அக்கா குறை சொல்ல வந்தார். சொன்னது அத்தனையும் சரி. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எதப் பாத்தாலும் பெங்குயினு. பனி வூடு. இங்க ஏது பனி? தமிழ்ல அ, ஆ-வும் இல்ல."

உண்மை. இவற்றை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்கள். அவர்கள் கண்ணில் பட்டதைத்தான் போட்டிருக்கிறார்கள். தமிழாக்கம் ஓய்வு நேரத்தில் ஆர்வலர்கள் செய்வது. மெனு தமிழில் இருந்தாலும் நடுவில் ஆங்கில வாக்கியம் எட்டிப் பார்க்கும். தமிழ் எழுத்தைச் சொல்லிக் கொடுக்க இவற்றை நம்பி உட்கார முடியாது. அதற்கு ஆயாவும் சிலேட்டும்தான். சிலவற்றின் படங்கள் பதினைந்து வருடப் பழசு மாதிரி தெரியும். போன் விளையாட்டின் பளபளப்பை எதிர்பார்த்து வந்த பிள்ளை முதல் நாள் உதட்டைப் பிதுக்கும்.

"குறைய சரிபண்ண முடியாதா?" என்றார். முடியும். இது ஸ்டிக்கர் கோலம் இல்லையே.

டக்ஸ் பெயின்டைத் திறந்தேன். இதுவும் பில் கென்ட்ரிக் 2002-ல் வெளியிட்டதுதான். மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு வரையும் பலகை. தமிழிலும் உண்டு. பெரியவர்களின் மென்பொருளைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போல இராது. சேமிக்கும்போது ஃபைல் பெயர் கேட்காது, ஏனென்றால் பெயர் எழுதத் தெரியாத பிள்ளைக்கும் படம் வரையத் தெரியும். திறக்கும்போது வரைந்த படங்களையே சின்னதாக வரிசையாகக் காட்டும், தொட்டு எடுத்துக்கொள்ளலாம். தூரிகையை இழுத்தால் ஓசை வரும். 'மேஜிக்' பக்கத்தில் வானவில், செங்கல் சுவர், புல், கண்ணாடிப் பிம்பம். பழைய படத்தின் மேலேயே சேமிக்காமல் ஒவ்வொரு தடவையும் புதுப்படமாகச் சேமிக்கும்படி பெரியவர்கள் அமைப்பில் மாற்றி வைக்கலாம். அதைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் நேற்று வரைந்த யானை இன்று காணாமல் போய் வீடே ரெண்டுபடும்.

இதில் முத்திரைகள் உண்டு. பூ, பழம், விலங்கு என்று எடுத்துப் படத்தில் குத்தலாம். அவை தனிப் பொதியாகக் களஞ்சியத்தில் இருக்கும். முத்திரைப் பக்கம் காலியாக இருந்தால் அந்தப் பொதியையும் இறக்க வேண்டும். ஆனால் நான் அக்காவுக்குக் காட்ட நினைத்தது வேறு. அந்த முத்திரைகள் சாதாரணப் படங்கள்தான். ஒரு கோப்புறைக்குள் கிடக்கின்றன. நம் படத்தை நம் கோப்புறையில் போட்டால் அதுவும் முத்திரை.

அக்கா வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி கட்டியிருந்தது. போனில் படம் எடுத்தேன். கிம்ப் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருளில் வைத்து, பின்னாலிருந்த குடத்தையும் சுவரையும் அழித்து, ஆட்டை மட்டும் விட்டேன். பின்னணி வெறுமையாக இருந்தால்தான் முத்திரை நன்றாக விழும். படத்தை பிஎன்ஜி வடிவில் சேமித்தேன். அதே பெயரில் ஒரு சின்ன எழுத்துக் கோப்பு. முதல் வரியில் ஆங்கிலப் பெயர், கீழே தமிழுக்கான குறியைப் போட்டு 'எங்க ஆட்டுக்குட்டி' என்று எழுதினேன். அதே பெயரில் ஒரு ஒலிக்கோப்பும் வைக்கலாம் என்பதால் குட்டி கத்துவதைப் போனில் பதிந்துகொண்டேன். பதியும்போது அது கத்தவில்லை. அக்கா போய்த் தழையைக் காட்டிவிட்டு இழுத்துக்கொண்டதும்தான் கத்தியது. மொத்த வேலையும் ஒரு டீ நேரம்.

அக்காவுக்கு இன்னும் இரண்டு காரியம் சொல்லி அனுப்பினேன். பாப்பாவுக்கென்று லேப்டாப்பில் தனிக் கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். அதில் நிர்வாகி பாஸ்வேர்டு இல்லாமல் எதையும் புதிதாக இறக்கவோ நீக்கவோ முடியாது. இரண்டாவது, இந்த விளையாட்டுகளுக்கு இன்டர்நெட் வேண்டாம். ஜிகாம்ப்ரி குரல் ஒலிகளை ஒருமுறை இறக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு வைஃபையை அணைத்துவிடலாம். இணைத்து வைத்திருந்தால் பிரவுசர் வழியாக மறுபடி போன் உலகம் உள்ளே வந்துவிடும்.

"நிறுத்தச் சொன்னா அழுவாதா?" என்றார்.

அழலாம், பிள்ளைதானே. ஆனால் ஒரு வித்தியாசம். போன் விளையாட்டைச் செய்கிறவனுக்கு, பிள்ளை உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் காசு. அதனால் 'நாளைக்கு வந்தால் பரிசு, இப்போது போனால் நஷ்டம்' என்று கையைப் பிடித்துக்கொண்டே இருப்பான். இவற்றை எழுதியவர்களுக்குப் பிள்ளை எழுந்து போவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. நடுவில் விளம்பரம் வராது, 'வாங்கு' என்று வராது, நாளைக்கு வந்தால் பரிசு என்றும் வராது. தண்ணீர் விளையாட்டில் பெங்குயின் குளித்து முடித்ததும் விளையாட்டு முடிந்துவிடுகிறது. முடிகிற விளையாட்டைக் கொடுத்தால், எழுந்து போகவும் பிள்ளைக்கு ஓர் இடம் கிடைக்கிறது. பிரித்து எடுக்கிற வேலை நமக்குக் குறையும்.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா பையைக் கழற்றாமலே உட்கார்ந்து டக்ஸ் பெயின்டைத் திறந்தது. முத்திரைப் பக்கத்தில் ஆட்டுக்குட்டியைப் பார்த்ததும் ஒரு கணம் அசையவில்லை. பிறகு தொட்டு எடுத்தது. லேப்டாப் "மே" என்றது. படத்தில் குத்திவிட்டு மறுபடி தொட்டு எடுத்தது. வானவில் மேல் ஒன்று, பனி மலைமேல் ஒன்று, பெங்குயின் தலைமேல் ஒன்று. எடுக்கும்போதெல்லாம் ஒரு "மே".

வேப்பமரத்தடியிலிருந்து பதிலுக்கு ஒரு "மே" வந்தது. பாப்பா லேப்டாப்பைப் பார்த்தது, மரத்தைப் பார்த்தது. திறந்ததைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து குட்டியிடம் ஓடிவிட்டது.

அக்கா அந்த இடத்தில் மெதுவாக உட்கார்ந்து மவுஸைப் பிடித்தார். "இதுல கோலம் போட முடியுமா தம்பி?" என்றார். நான் தூரிகையைக் காட்டிவிட்டு, இன்னொரு டீ கிடைக்குமா என்று கேட்டேன். அவர் காதில் அது விழவில்லை. புள்ளி வைக்க ஆரம்பித்திருந்தார்.